இரண்டு வொஷரும் ஒரு சோடிக் காப்பும்



வாடைக் காற்று அடங்கிவிட்டது. இந்தக் கிழமை எந்த வாடிப் பக்கம் போனாலும் இஞ்சினைக் கழற்றி ஒயில் மாற்றுகிற வேலைதான் நடக்கிறது. அதனால்தான் எங்கள் வீட்டுக் கதையை எழுதுகிறோம். வெட்கமான கதை. ஆனாலும் இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது.

எங்களில் ஒருவருக்குப் பள்ளிக்கூடம், ஒருவருக்குக் கடல். தம்பியின் பைபர் போட்டில் 40 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் இஞ்சின். ஒயில் மாற்றும் நாளில் டோர்ச் பிடிப்பதும் டியூப்பை அழுத்துவதும் வாத்தியார் வேலை. போன வருஷம் ஒரு சனிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு கியர் ஒயில் மாற்றினோம். கீழ் ஆணியைக் கழற்றினால் அதில் வொஷர் இல்லை. மணலில் விழுந்திருக்கும் என்று தேடினோம். கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு வாங்கி வைத்த செம்பு வொஷர் ஒன்று பெட்டிக்குள் கிடந்தது.

"இது போதும் காக்கா, அளவு சரியாத்தான் இரிக்கி" என்றான் தம்பி. நாங்களும் தலையாட்டினோம். மேல் ஆணிக்கு நசிந்த பழைய வொஷரையே திரும்பப் போட்டோம். இரண்டு வொஷர் காசு மிச்சம்.

ஒன்றரை மாதம் போனது. ஒரு நாள் கரையிலிருந்து நல்ல தூரத்தில் கடகடவென்று சத்தம். பிறகு இஞ்சின் ஓடுகிறது, காற்றாடி சுற்றவில்லை. லுஹருக்குக் கரை சேர வேண்டியவனை இன்னொரு போட் கட்டி இழுத்து வந்து சேர்த்தபோது இஷா தாண்டிவிட்டது. அதுவரை உம்மா கரையை விட்டு அசையவில்லை.

மறுநாள் பாஸ் ஆணியைக் கழற்றினார். வடிந்தது ஒயில் இல்லை, பால் தேத்தண்ணி. உள்ளே பெயாரிங் துருப்பிடித்து, கியர் பல் தேய்ந்திருந்தது. அவர் டோர்ச்சை அடித்து, ஆணி உட்காரும் இடத்தைச் சுரண்டினார். மணலில் தேடிய வொஷர் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தது! அதற்கு மேல்தான் செம்பைப் போட்டு இறுக்கியிருக்கிறோம். சரிந்து உட்கார்ந்த வொஷர் வழியாக ஒயில் வெளியே போக, உப்புத்தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. திருத்துகிற செலவுக்குத் தங்கச்சியின் ஒரு சோடிக் காப்பை ஈடு வைத்தோம்.

அந்தப் பாடத்தில் படித்தது இதுதான்.

ஆணியில் வொஷர் வராவிட்டால் மணலில் தேட முன் குழியைப் பாருங்கள். பழையதை எடுத்து, இடத்தைத் துணியால் துடைத்த பிறகே புதியதைப் போட வேண்டும்.

வொஷர் நசிந்துதான் அடைக்கிறது. ஒருதரம் நசிந்தது மறுதரம் அதே மாதிரி அடைக்காது. மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று, ஒவ்வொரு முறையும் புதியது.

கடையில் "ஒரு வொஷர் தாங்க" என்று கேட்காதீர்கள். இஞ்சின் தகட்டிலுள்ள மொடல் இலக்கத்தைப் போனில் படமெடுத்துப் போய், அதற்குரிய பாகத்தைக் கேளுங்கள். துவாரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. வெளி விட்டமும் தடிப்பும் சரியாக வேண்டும். போர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு இஞ்சின் ஒயில் ஆணி வேறு, கியர் ஒயில் ஆணி வேறு. ஒன்றின் வொஷரை மற்றதற்கு மாற்றிப் போடக் கூடாது.

கம்பனி எந்தப் பொருளில் தந்ததோ அதே பொருள்தான் வேண்டும். கியர் பெட்டி அலுமினியம். செம்பும் அலுமினியமும் உப்புத்தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிபடும். இதை வகுப்பில் படிப்பிக்கிற நாங்களே செம்பைப் போட்டோம். செருப்பு ரப்பர், சைக்கிள் டியூப் வெட்டிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவை ஒயிலில் ஊதி இளகிவிடும்.

ஒயிலைக் கீழ்த் துவாரத்தால் ஏற்றி, மேல் துவாரத்தால் வழியும்போது முதலில் மேல் ஆணியைப் பூட்டுங்கள். பிறகு கீழ் ஆணி. அப்போதுதான் ஒயில் கொட்டாது. நீள ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அலுமினியப் புரி போய்விடும்.

இன்னொரு கணக்கு. பொதுவாக 100 மணித்தியாலம் அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறை கியர் ஒயில் மாற்றச் சொல்கிறார்கள். நம்மில் பலர் 6 மாதத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு 5 மணித்தியாலம் ஓடினால் 20 நாளில் 100 வந்துவிடும். நாங்கள் ஒன்றரை மாதம் திறந்தே பார்க்கவில்லை. 20 நாளில் திறந்திருந்தால் தேத்தண்ணி நிறத்தை அப்போதே கண்டிருப்போம்.

பழைய வொஷரையும் புதியதையும் தரம் 10 பிள்ளைகளிடம் கொடுத்து வேணியர் இடுக்கிமானியால் அளக்கச் சொன்னோம். பழையது ஒரு பக்கம் மெல்லியது, மறுபக்கம் தடிப்பு. பின் வாங்கிலிருந்த ஒரு மகன், "சேர், எங்கட வாப்பாவும் பழசத்தான் போடுற" என்றான். அடுத்த நாள் அவன் தன் வாப்பாவின் வொஷரைப் பொக்கட்டில் போட்டுக்கொண்டு வந்தான்.

காப்பில் ஒன்றுதான் இதுவரை திரும்பி வந்திருக்கிறது. மற்றதும் இன்ஷா அல்லாஹ் வரும். கடலுக்கு இறங்க முன் யாருக்காவது அளந்து பார்க்க வேண்டுமென்றால் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாங்க. இடுக்கிமானி இருக்கிறது, தேத்தண்ணியும் இருக்கிறது.