கதிரை காலியாகும்போது

எங்கள் பகுதியில் 'கதிரை' என்று சொன்னால் சந்தர்ப்பத்தைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். திண்ணையில் கிடப்பதும் கதிரைதான். பாராளுமன்றத்தில் இருப்பதும் கதிரைதான். திண்ணைக் கதிரை காலியாக இருந்தால் வந்தவர் எவரும் அமரலாம். பாராளுமன்றக் கதிரை காலியானால் யார் அமர்வது? இந்தக் கேள்விக்கு என் வாழ்நாளிலேயே வேறுவேறு விடைகள் வந்துபோய்விட்டன. ஒவ்வொரு விடைக்கும் கிழக்கிலிருந்தே உதாரணம் காட்டலாம் என்பதுதான் விசேடம்.

கல்முனையிலிருந்து தொடங்குவோம். 1965ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பர் அத்தொகுதிக்குத் தெரிவானார். அதே ஆண்டில் நிறைவேற்றப்பட்ட விசேட சட்டமொன்றினால் அவர் தமது ஆசனத்தை இழக்க நேர்ந்தது. அவர் வழக்காடினார்; வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1967இல் அங்கும் அவருக்குச் சாதகமான தீர்ப்புக் கிடைக்கவில்லை. சட்ட மாணவர்கள் இன்றைக்கும் படிக்கின்ற வழக்கு அது. நமக்கு இங்கே வேண்டியது அதன் பின்பகுதிதான். காலியான ஆசனத்தை நிரப்புவதற்குக் கல்முனை மக்களிடமே திரும்பவும் போனார்கள். இடைத்தேர்தல் நடந்தது. அன்றைய விதி அவ்வளவு எளியது. கதிரை காலியானால் ஊர் மீண்டும் வாக்களிக்கும்.

இடைத்தேர்தல் காலத்துக் கதைகளை எங்கள் வாப்பாமார் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். பொதுத்தேர்தலில் எட்டிப் பார்க்காத மந்திரிமாரெல்லாம் இடைத்தேர்தலில் வந்து இறங்குவார்களாம். பத்து வருடமாகக் குண்டும் குழியுமாய்க் கிடந்த வீதிக்கு ஒரே வாரத்தில் கிறவல் விழுமாம். அதில் இலஞ்சமும் இருந்தது, சண்டித்தனமும் இருந்தது. ஆயினும் காலியான கதிரைக்காக அரசாங்கமே ஊரைத் தேடி வர வேண்டியிருந்தது.

இரண்டாவது உதாரணம் பொத்துவில். 1977இல் பொத்துவில் இரட்டை அங்கத்தவர் தொகுதி. முதலாம் உறுப்பினராக ஐக்கிய தேசியக் கட்சியின் ஜலால்தீனும், இரண்டாம் உறுப்பினராகத் தமிழர் விடுதலைக் கூட்டணியின் எம். கனகரத்தினமும் தெரிவானார்கள். சில மாதங்களிலேயே கனகரத்தினம் ஐக்கிய தேசியக் கட்சிக்கு மாறினார். 1978 ஜனவரியில் சுடப்பட்டார், 1980இல் காலமானார். அதற்கிடையில் புதிய அரசியலமைப்பு வந்துவிட்டது. ஆகவே அந்த ஆசனத்துக்கு இடைத்தேர்தல் நடக்கவில்லை. அன்னாரின் சகோதரி ரங்கநாயகி பத்மநாதன் ஆளும் கட்சியால் நியமிக்கப்பட்டார். அந்த அம்மையாரின் தகைமை பற்றி இங்கே பேச்சில்லை. கூட்டணிக்கென்று மக்கள் போட்ட வாக்கினால் உண்டான கதிரை, ஒரு தோட்டாவுக்கும் ஒரு கடிதத்துக்கும் பிறகு வேறொரு கட்சியின் சொத்தாயிற்று. வாக்களித்தவனிடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை.

அந்த முதலாவது பாராளுமன்றத்தின் பிற்காலத்தில் இடைத்தேர்தல் அடியோடு இல்லாமற் போய்விடவில்லை. 1982இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன தமது கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். 1983 மே மாதத்தில் 18 தொகுதிகளுக்கு ஒரே நாளில் இடைத்தேர்தல் நடந்தது. விகிதாசார முறையில் முதல் பொதுத்தேர்தல் 1989இல் நடைபெற்ற பிறகோ, பாராளுமன்றத்துக்கு இடைத்தேர்தல் என்பது பாடப்புத்தகச் சொல்லாகிவிட்டது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விகிதாசார முறைதான் நமக்குக் கதவைத் திறந்தது. மாவட்டமொன்றில் ஆசனம் பெறுவதற்கு வேண்டிய வெட்டுப்புள்ளி 12.5 சதவீதமாக இருந்தது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் வாதாடி அதனை 5 சதவீதமாகக் குறைக்கச் செய்ததை வாசகர்கள் அறிவர். 1988இல் வந்த அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் அது. மறு ஆண்டில் முஸ்லிம் காங்கிரஸ் 4 ஆசனங்களோடு பாராளுமன்றம் புகுந்தது. சிதறிக் கிடந்த ஒரு சமூகத்தின் வாக்குகள் ஒன்றுசேர்ந்து எண்ணப்பட்டன. அதே முறைதான் இடைத்தேர்தலையும் எடுத்துக்கொண்டது. வாசற்கதவு திறந்தது, பின்னாலிருந்த சன்னல் மூடிக்கொண்டது.

இன்றுள்ள முறையில் கதிரை காலியானால் இரண்டு வழிகள் உள்ளன. மாவட்டத்தில் வென்றவரின் ஆசனம் வெற்றிடமானால், அதே வேட்புமனுப் பத்திரத்தில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் வருவார். கட்சித் தலைவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவர்தான் வருவார். இதற்குச் சமீபத்திய சாட்சி மட்டக்களப்பு. முஸ்லிம் காங்கிரஸின் பாராளுமன்ற உறுப்பினர் நஸீர் அஹமட் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த நீக்கம் செல்லும் என்று 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அவரது ஆசனம் வெற்றிடமாகியது. 2020 தேர்தலில் விருப்பு வாக்கில் அவருக்கு அடுத்ததாக நின்ற அலி ஸாஹிர் மௌலானா அந்த மாதமே சத்தியப்பிரமாணம் செய்துகொண்டார். கட்சி ஒருவரை வெளியேற்றியது உண்மை. ஆனால் உள்ளே யார் வருவது என்பதை மூன்று வருடத்துக்கு முன்னரே வாக்காளன் எழுதி வைத்திருந்தான்.

இரண்டாவது வழி தேசியப் பட்டியல். 225 ஆசனங்களில் 29 இவ்வாறு வருபவை. தேர்தலில் நிற்கும் வசதியோ விருப்பமோ இல்லாத அறிஞர்களையும், சிதறி வாழும் சமூகங்களின் பிரதிநிதிகளையும் சபைக்குக் கொண்டுவருவதே நோக்கம் என்று 1988இல் சொன்னார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் இந்த ஆசனம் இடையில் காலியானால் அடுத்தவர் என்று எவரும் கிடையாது. பாராளுமன்றச் செயலாளர் நாயகம் வெற்றிடத்தைத் தேர்தல் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பார். ஆணைக்குழு கட்சியின் செயலாளரிடம் ஒரு பெயரைக் கேட்கும். செயலாளர் எழுதிக் கொடுப்பார். வர்த்தமானியில் பெயர் வரும். அத்தோடு காரியம் முடிந்தது.

அந்தப் பெயர் தேர்தலுக்கு முன் வெளியான பட்டியலில் இருந்திருக்க வேண்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். நடைமுறை அப்படியில்லை. 2015இல் தமது சொந்தக் கட்சியில் போட்டியிட்டுத் தோற்ற சரத் பொன்சேகா, 2016 பெப்ரவரியில் ஐக்கிய தேசியக் கட்சியின் தேசியப் பட்டியல் வெற்றிடத்தால் சபைக்கு வந்தார். பொதுஜன பெரமுனவின் ஒரே கதிரையில் முதலில் ஜயந்த கெட்டகொட இருந்தார். 2021 ஜூலையில் பசில் ராஜபக்ஷ அமர்ந்தார். 2022 ஜூனில் தம்மிக்க பெரேரா அமர்ந்தார். இதற்கிடையில் நாட்டில் ஒரு வாக்குச் சீட்டும் அச்சிடப்படவில்லை.

பெரிய கட்சிகளில் இது கொழும்புக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல். நமது கட்சிகளிலோ ஊர்களுக்கிடையில் நடப்பது. 2015 தேர்தலின் பின் முஸ்லிம் காங்கிரஸுக்கு ஐக்கிய தேசியக் கட்சியின் தேசியப் பட்டியலில் 2 ஆசனங்கள் கிடைத்தன. ஏ.ஆர்.ஏ. ஹபீஸும் எம்.எச்.எம். சல்மானும் நியமிக்கப்பட்டார்கள். அவை தற்காலிக நியமனங்கள் என்றே அப்போது பேசப்பட்டது. 2016இல் ஹபீஸ் விலகிய இடத்துக்குத் திருகோணமலையின் எம்.எஸ். தௌபீக் வந்தார். சல்மான் விலகிய இடத்துக்கு அட்டாளைச்சேனையின் ஏ.எல்.எம். நஸீர் வருவதற்கு 2018 ஆகிவிட்டது. அந்த ஊர் ஏறத்தாழ மூன்று வருடம் காத்திருந்தது. 2024 நவம்பர் தேர்தலில் அதே கட்சி தனித்துப் பெற்ற ஒரு தேசியப் பட்டியல் ஆசனத்துக்கு ஏறாவூரின் சாலி நளீம் நியமிக்கப்பட்டார். 2025இல் அவர் இராஜினாமாச் செய்தார். அந்த இடத்துக்குப் பொத்துவிலின் அப்துல் வாஸித் வந்தார். 1980இல் ஒரு நியமனத்தைக் கண்ட அதே பொத்துவில்தான்.

காத்திருக்கும் ஊர் என்ன செய்யும்? மகஜர் எழுதும். எங்கள் ஊரும் ஒருமுறை எழுதியது. எந்தக் கட்சிக்கு, எந்த வருடம் என்பது இங்கே அவசியமில்லை. கதை எழுதுகிறவன், படிப்பித்தவன் என்பதால் அதை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவர், இரண்டு கடை முதலாளிமார், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், மீனவர் சங்கத்துக்காரர் எல்லோரும் சுற்றி அமர்ந்திருக்க, இஷாவுக்குப் பிறகு தொடங்கி நடுநிசி வரை எழுதினேன்.

"வாக்குக் கணக்க முதல்ல போடுங்க மாஸ்டர்" என்றார் முதலாளி ஒருவர். "நம்மட ஊர் இல்லாட்டி இந்த மாவட்டத்தில கட்சியே இல்ல எண்டு எழுதுங்க."

"பக்கத்து ஊருக்கு ரெண்டு தரம் குடுத்திட்டாங்க எண்டதையும் போடுங்க" என்றார் மற்றவர்.

மீனவர் சங்கத்துக்காரர் மட்டும் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "தோணி கரையேத்திற இடம் அரிச்சுக்கிட்டுப் போகுது. அதை எங்கயாவது ஒரு வரி போட ஏலுமா?" என்று கேட்டார். போட்டேன். மூன்றாம் பக்கத்தின் அடியில்தான் இடம் இருந்தது.

இரவோடிரவாக வேன் பிடித்துக் கொழும்புக்குப் போனோம். காலையில் அந்தக் காரியாலயத்தின் வரவேற்பறையில் எங்களுக்கு முன்பே இன்னொரு ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குள் மடியில் ஒரு கோவையோடு இருந்தவர் என் நண்பர், கவிஞர். நானும் அவரும் எத்தனையோ மேடைகளில் ஒன்றாக இருந்தவர்கள். அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே கூச்சமாக இருந்தது. தேநீர் வந்த பிறகு அவரே எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காக்கா, நீங்களும் நாலு பக்கமா?"

"மூணரை."

கோவைகளை மாற்றிப் பார்த்தோம். வாக்குக் கணக்கு, தியாகங்களின் பட்டியல், பக்கத்து ஊருக்குக் கொடுத்தது, நமக்குக் கொடுக்காதது. அவர் மெதுவாகச் சிரித்தார். "ரெண்டையும் மாத்திக் குடுத்தாலும் ஊர்ப் பேரத் தவிர வேறொண்டும் பிழைக்காது காக்கா" என்றார்.

எங்கள் இரு தரப்பையும் தனித்தனியே அழைத்து மரியாதையாகப் பேசி அனுப்பினார்கள். ஆசனம் இரண்டு ஊருக்குமே கிடைக்கவில்லை.

சுழற்சி முறையில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்க மாட்டேன். வாக்குகளை அள்ளிக் கொடுத்தும் தனக்கென்று ஓர் ஆளை வெல்ல வைக்கும் அளவுக்குப் பெரிதாகாத ஊர்கள் உண்டு. விருப்பு வாக்குச் சண்டையில் பெரிய ஊர்தான் வெல்லும். பொத்துவில் போன்ற எல்லையோரத்து ஊர் ஐந்து வருடம் யாரிடம் போய் நிற்பது? ஒரு வருடமாவது தன் ஆள் சபையில் இருக்கட்டுமே என்று அது நினைப்பதில் தவறில்லை. 'ஊருக்கு ஓர் எம்.பி.' என்ற ஆசையைக் கேலி செய்வது, ஏற்கெனவே எம்.பி. உள்ள ஊர்க்காரருக்குச் சுலபம்.

ஆனால் அந்த நியாயம் எவ்வாறு நிறைவேறுகிறது என்பதைப் பாருங்கள். வாக்குறுதி தேர்தல் மேடையில் வாயால் கொடுக்கப்படுகிறது. ஒரே ஆசனம் இரண்டு மூன்று ஊர்களுக்கு வாக்களிக்கப்படுகிறது. எத்தனை மாதம், யார் முதலில், யார் பிறகு என்பதற்கு எழுத்து இல்லை. விலக வேண்டியவர் விலகாவிட்டால் அவரைக் கேட்பதற்கு வாக்காளனுக்கு உரிமையும் இல்லை. வந்தவர் சபையின் ஒழுங்குகளைப் படித்து, ஒரு கேள்வியை உருப்படியாகக் கேட்கத் தொடங்கும்போது அடுத்தவருக்கு இடம்விட வேண்டியிருக்கிறது. விருப்பு வாக்கில் வந்தவருக்குத் தன் பின்னால் இத்தனை ஆயிரம் பேர் என்று சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. நியமனத்தில் வந்தவருக்கு இருப்பது ஒரு கையெழுத்து மட்டும்தான். சமூகத்துக்கு ஒரு நெருக்கடி வந்து, தலைமையை எதிர்த்து வாக்களிக்க வேண்டிய நாளில், இருவருடைய முதுகெலும்பும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஊரின் மொழி மாறியதுதான். இடைத்தேர்தல் காலத்தில் ஊர் நிபந்தனை போட்டது. இன்று ஊர் மகஜர் கொடுக்கிறது. பக்கத்து ஊரைத் தாழ்த்தித் தன்னை உயர்த்தி எழுதப் பழகியிருக்கிறது. ஒரே கடற்கரையில், ஒரே அரிப்புக்கு இரண்டு ஊர்த் தோணிகளும் தவிக்கின்றன. அது பற்றிய வரி மட்டும் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறது.

இடைத்தேர்தலைத் திரும்பக் கொண்டுவருவது நம் கையில் இல்லை. அதற்கு அரசியலமைப்பையே மாற்ற வேண்டும். ஆனால் நமது கட்சிகள் தமது யாப்பில் நாலு வரி சேர்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தேசியப் பட்டியல் ஆசனம் யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு, காலியானால் அடுத்தது யார் என்பதைத் தேர்தலுக்கு முன்னரே எழுதி, அதியுயர் பீடத்தில் நிறைவேற்றி, பத்திரிகையில் போடட்டும். சுழற்சிதான் என்றால் சுழற்சியின் திகதிகளையும் போடட்டும். அப்போது வாக்களிக்கப் போகிறவன் அதைப் படித்துவிட்டுப் போவான். பிடித்தால் போடுவான், பிடிக்காவிட்டால் விடுவான். குறைந்தபட்சம் அவனிடம் ஒருமுறை கேட்டதாக இருக்கும்.

அடுத்த தேர்தலுக்கு நம் ஊர்களுக்கு மேடை போட வருகிறவர்களிடம் ஆசனம் தருவீர்களா என்று யாரும் கேட்க வேண்டாம். அந்த நாலு வரி எங்கே என்று கேட்டால் போதும்.