வீட்டுக்காரர் இல்லாத விருந்து

விருந்து என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமை. புதிதாய் வருபவர் விருந்தினர். அவரை எதிர்கொள்ள வீட்டுக்காரர் வாசலில் நிற்பார். வீட்டுக்காரர் வெளியூர் சென்றுவிட, அவருடைய நாய் மட்டும் வாசலில் நின்று வரவேற்கும் விருந்துக்குத் தமிழில் இன்னும் பெயரில்லை. வீட்டையும் வளர்ப்புப் பிராணியையும் பார்த்துக்கொண்டால் தங்குவதற்கு வாடகை இல்லை என்பதே அதன் ஒப்பந்தம். 2010இல் பிரிட்டனில் தொடங்கிய டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் சந்தா பெற்றுக்கொண்டு இத்தகைய வீடுகளுக்கு ஆள் சேர்த்துத் தருகின்றன. நம் பக்கத்தில் இது பெரும்பாலும் நட்பின் பேரிலேயே நடக்கிறது.

சென்ற டிசம்பரில் நாங்கள் இருவரும் குன்னூரில் பன்னிரண்டு நாட்கள் தங்கியது அவ்வாறுதான். மகளைப் பார்க்கச் சென்ற நண்பரின் வீடு. பதினொரு வயதான ஒரு நாட்டு நாய். செலவு பேருந்துக்கும் அரிசி பருப்புக்கும் மட்டுமே.

நண்பர் எழுதி வைத்திருந்த விதிகள் மூன்று. பொழுது சாயுமுன் நாயை உள்ளே அழைத்துவிட வேண்டும். நாயைத் தேடிச் சிறுத்தை குடியிருப்புக்குள் வரும் ஊர் அது. மீந்த சோற்றை வெளியில் வைக்கலாகாது, கரடி வரும். காலையில் காட்டெருமை நிற்கிறதா என்று பார்த்த பிறகே கேட்டைத் திறக்க வேண்டும். ஆகவே டால்பின் மூக்கு, லேம்ஸ் பாறை எதையும் நாங்கள் பார்க்கவில்லை. சிம்ஸ் பூங்காவுக்கு ஒருமுறை போனோம். அதுவும் நாய்க்குச் சோறு வைக்கும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு. சுற்றுலாப் பயணியின் பொழுது அவருடையது. எங்கள் பொழுது நாயினுடையதாக இருந்தது. அந்தக் கட்டுப்பாட்டினால்தான் அந்த ஊர் எங்களுக்குக் காட்சியாக இல்லாமல் குடியிருப்பாகத் தெரிந்தது.

பக்கத்துத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து முட்டை கொண்டுவரும் அம்மா ஒருவர் எங்கள் ஏற்பாட்டை விசாரித்தார். சொன்னோம். சற்று யோசித்துவிட்டு, "அப்போ நாயைப் பாக்குற வரைக்கும் ஒங்களுக்கு வீடு. கொழுந்து எடுக்குற வரைக்கும் எங்களுக்கு வீடு," என்றார்.

அவருடைய தந்தை இலங்கையிலிருந்து வந்தவர். 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்கென்றே நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு வழங்குவதை நிர்வாகத்தின் கடமையாக்கியிருந்தது. ஆனால் அந்தக் குடியிருப்பு வேலையோடு பிணைந்தது. முதுமையில் கூடையை இறக்கி வைப்பவர் வீட்டையும் விட்டாக வேண்டும். அல்லது அவர் பிள்ளைகளில் ஒருவர் அந்தக் கூடையை எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காகவே மலையில் தங்கிவிட்ட பிள்ளைகள் பலர்.

உழைப்புக்கு ஈடாக உறைவிடம் என்ற ஒப்பந்தம் எங்களுடையதும் அவர்களுடையதும் ஒன்றே. பதின்மூன்றாம் நாள் நண்பரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு மேட்டுப்பாளையம் பேருந்தில் ஏறினோம். எங்களுக்கு மதுரையில் ஒரு வீடு இருந்தது. அந்த ஒப்பந்தம் இனித்ததற்கு அதுவே காரணம்.