அரிமளத்து வீடும் ஏழு பங்கும்

என் தந்தையார் வஃபாத்தாவதற்குச் சில நாட்களுக்கு முன் என்னை அருகழைத்து, "அரிமளத்து வீட்டை விற்றபோது உன் குப்பிக்குப் பங்கு கொடுத்தோமா என்பது எனக்கு நினைவில்லை. பத்திரத்தைத் தேடிப் பார்" என்றார்கள். குப்பி, தந்தையாரின் அக்காள். வீடு கைமாறியது 1961-ல். பாட்டியார் பேசி முடித்த கிரயம் அது. பத்தொன்பது வயதில் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டது மட்டுமே அத்தாவின் நினைவில் நின்றது.

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே பேருந்தில் புறப்பட்டேன். செம்மண் நிலம், தைலமரக் காடுகள், ஊருக்குள் நகரத்தார் எழுப்பிய பெரிய வீடுகள். எங்கள் குடும்பப் பேச்சில் அன்றாடம் அடிபட்ட ஊரில் நான் கால் வைத்தது அன்றுதான். ளுஹர் தொழுகைக்குப் பின் ஒரு முதியவர் என்னைக் கைபிடித்து அழைத்துச் சென்றார். ஒரு மாடி வீட்டைக் காட்டி, "உங்கள் பாட்டனார் வீடு இருந்த மனை இதுதான்" என்றார். ஓடு, திண்ணை, கிணறு எதுவும் மிச்சமில்லை.

இனி எழுத்துச் சான்றுதான் வேண்டும். பாட்டனார் வீடு கட்டியது சமஸ்தானக் காலத்தில். 1948 மார்ச் 3-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. வீடு விற்கப்பட்டது அக்காலத்தில். 1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. நான் தேடி வந்தது இம்மாவட்டத்தில். கணினியில் பெறும் வில்லங்கச் சான்று அவ்வளவு பழைய ஆண்டுகளை எட்டவில்லை. சர்வே எண்ணும் தெரியாது. விற்றவர் பெயரையும் ஆண்டையும் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய அட்டவணைப் புத்தகங்களைப் பார்க்க மனுச் செய்தேன். பல நடைகளுக்குப் பின் பத்திர நகல் கைக்கு வந்தது.

அதன் செக்குபந்தியில் நான்கெல்லைகளும் தெளிவாக இருந்தன. முதியவர் காட்டிய மனையேதான். கிரயம் ரூ.2,400. விற்றவர்கள் பாட்டியாரும் என் தந்தையாரும். குப்பியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை!

குப்பியிடம் கேட்டேன். "எனக்குத்தான் கல்யாணத்தில் சீர் செய்தார்களே, அதோடு சரியென்று உம்மா சொல்லிவிட்டார்கள்" என்றார்கள். நம் குடும்பங்கள் பலவற்றில் கேட்கும் சொல்லன்றோ இது! சீர் என்பது தந்தை உயிரோடிருக்கையில் விரும்பி அளித்த அன்பளிப்பு. வாரிசுரிமையோ அவர் மரணத்திற்குப் பின் அல்லாஹ் விதித்த பங்கு. பெற்றோர் விட்டுச் சென்றது குறைவாயினும் அதிகமாயினும் அதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பாகமுண்டு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 7-ஆம் வசனம் உரைக்கும் சட்டம். பாட்டனாரின் பெற்றோர் முன்பே காலமாகியிருந்தனர். ஆகவே சொத்தை 24 பாகமாக்கினால் மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. அன்றைய கிரயத்தில் குப்பிக்குச் சேர வேண்டியது ரூ.700.

ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றியின்போது, நபி (ஸல்) அவர்கள் தங்கள் வீட்டில் தங்குவார்களா என்று உஸாமா (ரலி) வினவினார்கள். அகீல் நமக்கு வீடெதையும் விட்டு வைத்தாரா என்று திருப்பிக் கேட்ட பெருமானார், இழந்த வீட்டை மீட்கும் நாட்டமின்றி வேறிடத்தில் தங்கினார்கள். எனக்கும் அந்த மனை வேண்டாம். நியாயமாய் விலை கொடுத்து வாங்கியவர்கள் நலமாய் வாழட்டும். ஆனால் தன் உரிமையைத் தான் விடுவது வேறு. பிறர் உரிமையை நாம் வைத்துக்கொள்வது வேறு.

பாகப்பிரிவினைக்கு முன் கடன் தீர்க்கப்பட வேண்டுமென்பது மார்க்கம். எனவே மூத்த ஆலிம்களைக் கலந்து, இன்றைய மனை மதிப்பில் ஏழு பாகத்தைக் கணக்கிட்டு, தந்தையாரின் சொத்திலிருந்து முதலில் அதை ஒதுக்கினோம். "எதற்கடா இது?" என்று தயங்கிய குப்பி, முடிவில் இரு கைகளிலும் வாங்கிக்கொண்டு, "என் தம்பிக்கு என்னிடம் கடனில்லை. அல்லாஹ் சாட்சி" என்று கண்கலங்கினார்கள்.

அன்புச் சகோதரர்களே! உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள். அதில் உங்கள் அக்காள் தங்கையின் பெயர், அத்தாவின் அக்காள் தங்கையின் பெயர் இருக்கிறதா? இல்லையெனில், அவர்கள் உயிரோடிருக்கும்போதே போய்க் கேளுங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.