ஊட்டி சீசனும் மே 20-உம்



இந்தக் கோடையில் எங்கள் மாலைநேரப் படிப்பகப் பிள்ளைகள் 22 பேரை ஊட்டிக்கு அழைத்துப் போகத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறோம். கணபதியில் பட்டறைகளுக்கும் ஃபவுண்டரிகளுக்கும் நடுவே, லைன் வீடுகளிலும் காலனியிலும் வளரும் பிள்ளைகள் இவர்கள். கோவையிலிருந்து ஊட்டி 86 கிலோமீட்டர்தான். ஆனாலும் இந்த 22 பேரில் 15 பேர் மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதே இல்லை.

பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா நேராகவே கேட்டார்: "ஏனுங்கக்கா, ஊட்டிக்குப் போயி பூப்பாத்து என்னுங்க ஆகுது? அந்தக் காசுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கீரலாமுங்களே." கேட்டவர் வாரம் ஆறு நாள் மில்லில் நிற்கிறவர். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் பஸ் ஏறக்கூடாது என்று முடிவு செய்தோம். இந்தக் கட்டுரையும் அந்தப் பதிலைத் தேடித்தான்.

முதலில் திருவிழா என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கொங்கு நாட்டில் மாசி தொடங்கி வைகாசி வரை ஏதாவதொரு ஊரில் நோன்பு சாட்டியிருப்பார்கள். கம்பம் நடுவார்கள், பூவோடு எடுப்பார்கள், சித்திரையில் அவிநாசித் தேர் ஓடும். நம் வீட்டு ஆண்கள் பறையடித்த கதையையும், திருவிழா முடிந்த மறுநாள் நம் வீட்டுப் பெண்கள் வீதி கூட்டிய கதையையும் நாம் எல்லோரும் கேட்டே வளர்ந்திருக்கிறோம். விழாவில் நமக்கு வேலை இருந்தது. சும்மா நின்று பார்க்கிற உரிமைதான் பல ஊர்களில் இருந்ததில்லை. கையில் எந்த வேலையும் இல்லாமல் ஒரு விழாவுக்குப் போவது, பார்வையாளராக மட்டும் நிற்பது நம் பிள்ளைகளுக்குப் புது அனுபவம். சமூகவியல் வகுப்பில் ஓய்வு என்பதையும் சமமாகப் பங்கிடப்படாத ஒரு வளமாகப் படித்தோம். கணபதிக்கு வந்த பிறகுதான் அதை நேரில் பார்த்தோம்.

சரி, ஏன் ஊட்டி? மே மாதம் நீலகிரியில் கோடை விழா நடக்கிறது. உதகை அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, ரோஜாப் பூங்காவில் ரோஜாக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி என்று வரிசையாக வரும். மலர்க் கண்காட்சி பெரும்பாலும் மே நடுவில். அந்த நாட்களையொட்டியே இன்னொரு தேதியும் வருகிறது: மே 20. அயோத்திதாசப் பண்டிதர் 1845இல் பிறந்த நாள். பயணத் தேதியை இதை வைத்துத்தான் குறித்தோம்.

அயோத்திதாசருக்கும் ஊட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று படிப்பகத்திலேயே கேட்டார்கள். சென்னையில் காத்தவராயனாகப் பிறந்து, தன் ஆசிரியரின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்ட அவருடைய இளமைக்காலம் நீலகிரியில் கழிந்தது. 1870களில் அங்கேதான் அத்வைதானந்த சபையைத் தொடங்கினார். 1891 டிசம்பரில் திராவிட மகாஜன சபையின் மாநாடு நீலகிரியில்தான் கூடியது. முதல் மலர்க் கண்காட்சி 1896இல் நடந்ததாகச் சொல்கிறார்கள். அதற்கு 5 ஆண்டுகள் முன்பே நம்மவர்கள் அந்தக் குளிரில் கூடி 10 கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதிவிட்டார்கள். பொதுக் கிணறு, குளங்களில் தண்ணீர் எடுக்கும் உரிமை, பிள்ளைகளுக்குக் கல்வி, அரசு வேலை, உள்ளாட்சி அமைப்புகளில் இடம் ஆகியவை அவற்றில் உண்டு. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவோரைத் தண்டிக்கச் சட்டம் கேட்டதும் அங்கேதான். அடுத்த ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் நீலகிரியின் பிரதிநிதியாக எழுந்து நின்று கோயில் நுழைவைக் கேட்டவரும் இவரே.

அந்தப் பத்தில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிறையில் இழிவென்று கருதப்பட்ட வேலைகளை ஒடுக்கப்பட்ட சாதிக் கைதிகள் தலையில் கட்டிய சிறைக் கையேட்டு விதியை நீக்கச் சொல்லியிருந்தார்கள். 2024 அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சாதி பார்த்து வேலை பிரிக்கும் சிறைக் கையேட்டு விதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 133 ஆண்டுகள். மலைமேல் எழுதிய ஒரு வரி டெல்லி போய்ச் சேர அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

ஊட்டியைப் பற்றிய சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் ஜான் சல்லிவனில் தொடங்கும். கோவை கலெக்டராக இருந்தவர் 1819இல் மலையேறினார், 1822இல் கல்வீடு கட்டத் தொடங்கினார், ஏரி வெட்டினார் என்று எழுதியிருக்கும். பாதை வெட்டிய கைதிகள் யார், காபிக்கும் தேயிலைக்கும் காடு அழித்த கூலிகள் எந்தெந்தச் சேரிகளிலிருந்து ஏறினார்கள் என்று தேடினால் அதில் கிடைக்காது. வெள்ளைக்காரன் நமக்கு விடுதலை தர மலையேறவில்லை. ஆனால் தோட்டமும் கம்பெனியும் பங்களாவும் வந்தபோது, ஊர்க் கட்டுப்பாட்டுக்கு வெளியே காசாகச் சம்பளம் கிடைத்தது. சம்பளம் வந்த கையில் புத்தகமும் வந்தது. சபைகள் பிறந்த மண் அப்படி உருவானதுதான்.

இரட்டைமலை சீனிவாசனும் ஏறத்தாழ 10 ஆண்டுகள் நீலகிரியில் ஐரோப்பியர் கம்பெனியில் கணக்கராக இருந்தவர். அவருடைய தங்கையைத்தான் அயோத்திதாசர் மணந்தார். கோவைப் பிள்ளைகள் மறக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு: சீனிவாசன் படித்தது நம் கோயம்புத்தூரில். சுமார் 400 மாணவர்களில் 10 பேர் தவிர எல்லோரும் பிராமணர்கள் என்றும், ஊரையும் சாதியையும் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து யாரோடும் பழகாமல் ஒதுங்கியே இருந்ததாகவும் 1939இல் வெளியான தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். தங்கும் இடத்துக்காகப் போன மாதம் மலையில் ஒரு விடுதிக்குப் போன் செய்தோம். எத்தனை பேர், எந்தத் தேதி என்றெல்லாம் பேசி முடித்த பிறகு "எந்த ஏரியாவுங்க?" என்றார். கணபதி என்றோம். "கணபதில எங்கீங்க?" என்றார். காலனியின் பெயரைச் சொன்னோம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பாத்துட்டுக் கூப்படறனுங்க" என்று வைத்தார். கூப்பிடவில்லை. மறுநாள் வேறு எண்ணிலிருந்து, காலனி என்று சொல்லாமல் கேட்டோம். அதே தேதிக்கு இடம் இருந்தது. நாங்கள் அங்கே பதிவு செய்யவில்லை. குன்னூர்ப் பக்கம் தோட்டத் தொழிலாளர் தோழர்கள் தங்கள் சமுதாயக் கூடத்தைத் தந்திருக்கிறார்கள். பாய் மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும்.

நடந்ததைப் பிள்ளைகளிடம் சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு மாலை முழுக்க விவாதம். சுற்றுலாவின் சந்தோஷம் கெட்டுவிடும் என்று சிலர் சொன்னோம். தெரியாமல் போய் நாளைக்குத் தனியாக அடிபடுவதைவிட இன்று சேர்ந்து தெரிந்துகொள்ளட்டும் என்று சிலர் சொன்னோம். கடைசியில் சொன்னோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அப்ப சீனிவாசன் தாத்தா படிச்சப்போ கேட்ட கேள்வியத்தானுங்கக்கா இவங்களும் கேட்டாங்க?" எங்கள் பாடத்திட்டத்தில் இதைவிட நல்ல கேள்வி இல்லை.

பயணப் பாதை இதுதான். முதல் நிறுத்தம் மேட்டுப்பாளையம் நடூர். 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மழையில் ஒரு வீட்டின் கருங்கல் சுற்றுச்சுவர் இடிந்து, பக்கத்திலிருந்த நம் மக்களின் வீடுகள்மேல் விழுந்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 17 பேர் தூக்கத்திலேயே இறந்தார்கள். ஊட்டி சீசனுக்குப் போகும் கார்கள் பக்கத்துச் சாலையில்தான் ஏறுகின்றன. அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் மலையேறுவோம்.

மறுநாள் தாவரவியல் பூங்கா. பூக்களை ஆசைதீரப் பார்க்கட்டும், போட்டோ எடுக்கட்டும், ஐஸ்கிரீம் சாப்பிடட்டும். இதில் எந்தப் பாடமும் வேண்டாம். பூங்காவின் மேற்பகுதியில் தோடர் மந்து ஒன்று இருக்கிறது. அது ஒரு மக்களின் வாழிடம், காட்சிப்பொருள் அல்ல. கேட்காமல் உள்ளே போகக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிட்டோம். நம்மை வேடிக்கை பார்த்தவர்களைப்போல நாம் இன்னொருவரை வேடிக்கை பார்க்கலாமா? மாலையில் நகரத் தூய்மைப் பணியாளர் குடும்பங்களைச் சந்திக்கிறோம். லட்சக்கணக்கானோர் வந்துபோகும் சீசனில் அந்தக் குப்பையை அள்ளுகிறவர்கள் பெரும்பாலும் நம் சொந்தங்கள்.

திரும்பும்போது கோத்தகிரி வழி. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்காக 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் 1976இல் டான்டீ நிறுவனமானது. இரண்டு நாடுகளில் தேயிலை பறித்தும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத பாட்டிமார்களோடு பிள்ளைகள் உட்கார்ந்து பேச வேண்டும்.

இதேபோல் திட்டமிடும் குழுக்களுக்குச் சில குறிப்புகள். நீலகிரிக்குத் தனி வண்டியில் போனால் இ-பாஸ் வேண்டும். அரசுப் பஸ்ஸுக்கு வேண்டாம், செலவும் குறைவு. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த மலை ரயிலில் சீசன் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு அங்கே தடை, ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தலைக்கு 850 ரூபாய் ஆகிறது. வீட்டிலிருந்து 200, மீதி நண்பர்கள் தருவது. பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்ப் பேசுங்கள். வாட்ஸ்அப் செய்தியை நம்பி எந்த அம்மாவும் மகளை அனுப்பமாட்டார்.

போவதற்கு முன் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். 1891 கோரிக்கைகளில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு, அது தங்கள் தெருவில் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்து எழுதிவர வேண்டும். தண்ணீர் எடுத்தவர்கள் குழாயடியில் நின்று பேசுகிறார்கள். வேலை எடுத்தவர்கள் பட்டறை வாசலில் நிற்கிறார்கள். நோட்டுப் புத்தகம் பற்றிக் கேட்ட அந்த அம்மாவிடமும் இதைச் சொன்னோம். சற்று யோசித்தார். "அந்தத் தண்ணி விசயத்த எம்புள்ளைக்குக் குடுங்க, எங்க வீதிக் கதைய நானே சொல்றனுங்க" என்றார்.

மே 20 காலை, ஊட்டியில் அந்தப் பக்கங்களை அவர்கள் வாசிப்பார்கள்.

ஜெய்பீம்.