பெரிய கோயிலின் எழுத்துகளைப் படமெடுத்த கேப்டன்... 1858-ல் தஞ்சைக்கு வந்த கேமரா!

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போகிறவர்களை வாசலில் நின்று கொஞ்சநேரம் கவனித்தால் ஒன்று புரியும். எல்லோரும் ஒரே படத்தைத்தான் எடுக்கிறார்கள். ராஜராஜன் திருவாசலைத் தாண்டியதும் மொபைல் வெளியே வரும். விமானம் முழுசாக ஃபிரேமுக்குள் வர வேண்டுமென்று பின்னால் நகர்ந்துகொண்டே போவார்கள். சிலர் தரையில் உட்கார்ந்துகூட எடுப்பார்கள். உச்சிக் கலசம் படத்தில் விழுந்துவிட்டால் வந்த வேலை முடிந்தது!

ஆனால், 165 வருடங்களுக்கு முன்பு இதே கோயிலுக்கு வந்த ஒருவர், விமானத்தின் அடியில் கேமராவை வைத்தார். கலசம் தெரியாத, கோபுரம் தெரியாத, கல்லும் எழுத்தும் மட்டுமே தெரியும் 21 படங்களை வரிசையாக எடுத்தார். அவற்றை ஒட்டியபோது சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக வந்தது. இன்று உலகப் புகைப்பட வரலாற்றில் பேசப்படும் 'பனோரமா' அது.

எடுத்தவர் பெயர், கேப்டன் லின்னேயஸ் ட்ரைப்.

யார் இந்த ட்ரைப்?

இங்கிலாந்தின் டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில் 1822-ல் பிறந்தவர். பதினாறு, பதினேழு வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராணுவத்தில் சேர்ந்து கப்பலேறிவிட்டார். 1850-களின் தொடக்கத்தில் விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது அங்கே புதிதாகப் பரவிக்கொண்டிருந்த ஒரு கலை அவரைப் பிடித்துக்கொண்டது. அதுதான் புகைப்படம். 1853-ல் தொடங்கப்பட்ட லண்டன் புகைப்படச் சங்கத்தில் ஆரம்பத்திலேயே உறுப்பினரானார்.

திரும்பி வந்ததும் கர்நாடகத்தின் ஹளேபீடு, பேளூர் கோயில்களைப் படமெடுத்து, 1855-ல் சென்னையில் நடந்த கண்காட்சியில் வைத்தார். பரிசு கிடைத்தது. அதே ஆண்டு பர்மா மன்னரைப் பார்க்கப் போன ஆங்கிலத் தூதுக் குழுவோடு புகைப்படக்காரராக அனுப்பப்பட்டார். 1856-ல் மதராஸ் மாகாண அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் ஆனார். கோயில்கள், கோட்டைகள், அரண்மனைகள் என அழிந்துபோக வாய்ப்புள்ள எல்லாவற்றையும் படங்களாகப் பதிவுசெய்வது அவருக்குத் தரப்பட்ட வேலை.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பினார். ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று 1858 ஏப்ரல் வரை நீண்ட பயணம் அது. ரயில் கிடையாது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் வந்ததே 1861-ல்தான். கேமரா, முக்காலி, ரசாயனப் புட்டிகள், காகிதக் கட்டுகள், கூடாரம் எல்லாம் மாட்டு வண்டியில்தான் வந்தன.

ஒரு க்ளிக்குக்கு இத்தனை பாடா?

இன்று ஒரு படத்துக்கு ஒரு விநாடிகூட ஆகாது. அன்று?

ட்ரைப் இந்தப் பயணத்தில் பயன்படுத்தியது காகித நெகட்டிவ். ஒரு அடிக்கு மேல் அகலமுள்ள நல்ல காகிதத்தில் மெழுகைத் தேய்த்து, ஒளி ஊடுருவும்படி செய்வார்கள். பிறகு, வெள்ளி உப்பு கலந்த ரசாயனத்தில் நனைத்து, இருட்டில் உலர்த்தி, கேமராவுக்குள் வைக்க வேண்டும். கண்ணாடித் தகடுகளும் அப்போது புழக்கத்துக்கு வந்திருந்தன. ஆனால், அவற்றை எடுக்கிற இடத்திலேயே ஈரம் காய்வதற்குள் பயன்படுத்த வேண்டும். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம், உடையாது, மாட்டு வண்டிக்கும் வெயிலுக்கும் தாங்கும்.

படம் பதிய நிமிடக்கணக்கில் ஆகும். அதுவரை யாரும் அசையக் கூடாது. நடந்துபோகிற மனிதர்கள் படத்தில் பதியவே மாட்டார்கள். இல்லையென்றால் புகைபோலத் தெரிவார்கள். ட்ரைப்பின் பல படங்களில் ஊரே காலியாக இருப்பதுபோலத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு சுவாரஸ்யம், வானம். அந்தக் கால ரசாயனத்துக்கு நீல நிறத்தைக் கையாளத் தெரியாது. வானம் வெறும் வெள்ளையாக விழும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகங்களை வரைந்தார்! இன்று நாம் மொபைலில் ஃபில்டர் போடுவதற்கு அது முப்பாட்டன் வேலை.

ராஜா இல்லாத தஞ்சாவூர்

ட்ரைப் வந்தபோது தஞ்சாவூர் ஒரு சோகத்தில் இருந்தது. மராத்திய அரச வம்சத்தின் கடைசி மன்னர் சிவாஜி, 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்திருந்தார். வாரிசு இல்லை என்று சொல்லி ராஜ்ஜியத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. மன்னரின் மனைவி காமாட்சி பாய் சாகேப் வழக்குப் போட்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1859-ல் அவருக்கு எதிராக முடிந்தது. அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த நாள்களில்தான் கம்பெனி ராணுவத்தின் கேப்டன் ஒருவர் கேமராவோடு ஊருக்குள் வந்து நின்றார்.

இதை மறந்துவிட்டு அந்தப் படங்களைப் பார்க்க முடியாது. எடுக்கப்பட்டவை அழகான படங்கள்தான். ஆனால், கைக்கு வந்த சொத்துக்குப் போட்ட கணக்கும் அதில் இருக்கிறது.

ஊரின் நிலவரைபடமும் அன்று வேறு. இன்று பெரிய கோயிலுக்குப் போகும் வழியில் நீங்கள் பார்க்கும் புது ஆறு அப்போது இல்லை. அது மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்ந்து 1930-களில் வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணையே 1934-ல்தான் வந்தது. ட்ரைப் பார்த்த டெல்டா, கல்லணையையும், 1830-களில் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையையும், வானத்தையும் நம்பியிருந்த டெல்டா.

அடித்தளத்தில் என்ன இருக்கிறது?

சரி, விமானத்தை விட்டுவிட்டு ஏன் அடித்தளத்தைப் படமெடுத்தார்? கல்வெட்டுகளுக்காக. மொழி அறிஞர்கள் தஞ்சைக்கு வராமலேயே அந்த எழுத்துகளை ஆராய உதவும் என்பதுதான் யோசனை. கேமராவை சுவரிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தார். ஒரு படம் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்க வேண்டும். மெழுகுக் காகிதத்தை வைத்துக்கொண்டு தஞ்சாவூர் வெயிலில் அதைச் செய்திருக்கிறார்.

அந்த நேரத்தில் இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதிலேயே குழப்பம் இருந்தது. கரிகாலன் கட்டினான், காடுவெட்டிச் சோழன் கட்டினான் என்று கதைகள் உலவின. 1886-ல் அரசின் கல்வெட்டு ஆய்வாளராக வந்த ஜெர்மானியர் ஹூல்ஷ், தன் குழுவினரோடு சுவர் எழுத்துகளை மைப்படி எடுத்துப் படித்து வெளியிட்ட பிறகுதான் ராஜராஜ சோழன் பெயர் உறுதியானது. பதில் எப்போதும் சுவரிலேயே இருந்தது. நிமிர்ந்து விமானத்தைப் பார்த்தவர்கள் அதைத் தவறவிட்டார்கள்.

அந்தச் சுவர்களில் ராஜா பெருமை மட்டுமல்ல, நெல்லும் இருக்கிறது. கோயிலுக்கு வருமானம் தந்த ஊர்களின் பெயர், அவை எத்தனை கலம் நெல் அளக்க வேண்டும், அதை அளக்கிற மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்ற பெயர்... எல்லாம் உண்டு. ஒவ்வோர் ஊரிலும் எந்தெந்த நிலத்துக்கு வரி கிடையாது என்பதும் உண்டு. குடியிருப்பு, குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிச்சம்தான் கணக்கு.

ட்ரைப்பின் தஞ்சை ஆல்பம் கோயிலுக்கும் கோட்டைக்குமானது. நடவு நடுகிறவர்களையோ, களத்துமேட்டையோ பதிவுசெய்வது அவருக்குத் தரப்பட்ட வேலையில் இல்லை. ஆனால், எழுத்துகளைப் படமெடுக்க நினைத்த அந்த ஒரு முடிவால், டெல்டாவின் வயலும் வாய்க்காலும் சுமந்த ஒரு சுவர் அவர் கேமராவுக்குள் வந்துவிட்டது.

'இன்டர்ன்' அய்யாசாமி

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஓர் இளைஞர் உண்டு. ஆவணங்களில் அவர் பெயர் 'சி. அய்யாசாமி'.

1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரிதான் அது. அந்தப் பள்ளியில் படித்த அய்யாசாமி, ட்ரைப்பிடம் உதவியாளராகச் சேர்ந்து தொழிலைக் கற்றார். இன்றைய மொழியில் சொன்னால், இன்டர்ன்ஷிப். பிறகு அதே பள்ளியில் புகைப்படக் கலையைச் சொல்லிக்கொடுப்பவரானார்.

பயணம் முடிந்த பிறகுதான் பெரிய வேலையே இருந்தது. நெகட்டிவிலிருந்து ஒவ்வொரு படத்தையும் வெயிலில் காட்டிப் பிரதி எடுத்து, அலசி, உலர்த்தி, அட்டையில் ஒட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான பிரதிகள். ஒருவரால் ஆகிற காரியமில்லை. கேப்டன் கண் பார்த்தது, கைகள் பலருடையவை.

1858-ல் ஆல்பங்கள் வெளிவந்தன. ஆனால், 1859-ல் மதராஸ் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவிலியனுக்கு இது அரசுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரமாகத் தெரிந்தது. திட்டம் மூடப்பட்டது. ட்ரைப் ராணுவ வேலைக்குத் திரும்பினார். அதன் பிறகு அவர் கேமராவைத் தொட்டதே அபூர்வம். 1902-ல், பிறந்த ஊரான டெவன்போர்ட்டிலேயே இறந்தார். 2014-ல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலும், அதைத் தொடர்ந்து நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களிலும் அவருடைய படங்களுக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. மூடப்பட்டு 150 வருடங்களுக்கு மேல் ஆன பிறகு!

நீங்களும் போகலாம்

தஞ்சைக்குப் போகிறவர்கள் இந்தப் பாதையில் ஒரு நாளைச் செலவிடலாம். லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஆகியவற்றின் இணையதளங்களில் ட்ரைப் பெயரைத் தேடினால் அவர் எடுத்த படங்கள் மொபைலிலேயே கிடைக்கும்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் கோயிலுக்குப் போய்விடுங்கள். சாய்வான வெளிச்சத்தில்தான் கல்வெட்டு எழுத்துகள் பளிச்சென்று தெரியும். விமானத்தை அடியோடு ஒட்டி ஒரு சுற்று நடங்கள். 'ஸ்ரீ' என்ற எழுத்தையாவது குழந்தைகளால் கண்டுபிடித்துவிட முடியும். தென்மேற்கு மூலைப் பக்கம் போனால், சரபோஜி மன்னர் 1803-ல் தன் வம்ச வரலாற்றை மராத்தியில் வெட்டி வைத்திருப்பதையும் பார்க்கலாம். எட்டு நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு ராஜாக்கள் ஒரே கோயிலில் எழுதியிருக்கிறார்கள்.

பிறகு அரண்மனை, சரஸ்வதி மகால் நூலகம். மதியத்துக்குமேல் பஸ் பிடித்தால் சுமார் 13 கி.மீ-ல் திருவையாறு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் தாண்டித்தான் போக வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே போகலாம். ட்ரைப் படமெடுத்த அந்த ஊரில், அவர் வருவதற்கு 11 வருடங்களுக்கு முன்புதான், 1847-ல், தியாகராஜ சுவாமிகள் மறைந்திருந்தார். தண்ணீர் விட்ட காலமாக இருந்தால், புஷ்ய மண்டபப் படித்துறையில் காலை நனைத்துவிட்டு வரலாம்.

பெரிய கோயிலை விட்டு வெளியே வருவதற்கு முன்பு வடக்குத் திருச்சுற்றுச் சுவரின் வெளிப்பக்கத்தை மட்டும் தவறவிடாதீர்கள். சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து ராஜராஜன் அழைத்துவந்த 400 தளிச்சேரிப் பெண்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. ஒவ்வொருவரின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் சம்பளம் என்று ஒன்று விடாமல் வெட்டியிருக்கிறார்கள். ஆடியவர்கள் மட்டுமல்ல, கணக்கு எழுதியவர், குடை பிடித்தவர், விளக்கு ஏற்றியவர், துணி வெளுத்தவர் வரை கூலியோடு கல்லில் ஏறியிருக்கிறார்கள்.

1858 ஆல்பத்தில் கேப்டன் பெயர் இருக்கிறது. வண்டி ஓட்டியவர், கூடாரம் அடித்தவர், தண்ணீர் சுமந்தவர் பெயர்கள் இல்லை. அய்யாசாமிக்கு முன்னால் இருக்கும் அந்த 'சி.' என்ன என்பதுகூட ஆவணத்தில் ஓர் எழுத்தோடு நின்றுவிட்டது. கேமராவோடு பெரிய ஊர்களுக்கும் வெளிநாட்டுக்கும் பயிற்சிக்குப் போகிற இன்றைய டெல்டா பிள்ளைகள், அந்த வடக்குச் சுவரை ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். வேலை செய்தவர் பெயரை எழுதி வைப்பது ஆயிரம் வருடங்களுக்கு முன்பே அவர்கள் ஊரில் வழக்கமாக இருந்தது.