கேக்கலைன்னா சொல்லக் கூடாதா?



போன வாரம் சென்னையில இருந்து ஒரு தம்பி போன் பண்ணியிருந்தார். அவரோட தாத்தா காலமாகி மூணு மாசம் ஆச்சாம். வீட்டைக் காலி பண்ணும்போது பரண் மேல ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய காசு கிடைச்சிருக்கு. "நீங்க பழைய காசு சேர்க்கறவருன்னு கேள்விப்பட்டேனுங்க ஐயா. என்ன விலைக்கு எடுத்துக்குவீங்க?"ன்னு கேட்டார்.

நான் விலை சொல்லலை. அதுக்குப் பதிலா என் கதை ஒன்னைச் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதிடறேன். பெருமைப்பட்டுக்கற கதை இல்லைங்க.

இந்தக் காசுப் பைத்தியம் எங்க அப்பாருகிட்ட இருந்து எனக்கு வந்தது. அவர் இடுப்புச் சுருக்குப் பையில வெத்தலை பாக்கோட நாலஞ்சு ஓட்டைக் காலணா எப்பவும் கிடக்கும். 1943ல இருந்து 1947 வரைக்கும் நடுவுல ஓட்டை போட்டு அடிச்ச காசு. அதுல ஒன்னை என் அரைஞாண் கயித்துல கோத்துக் கட்டிவிட்டாராம். எங்க ஆத்தா கஷாயத்துக்கு மருந்துச் சரக்கு நிறுக்கும்போது "ரெண்டு ரூபா எடை சுக்கு"ம்பாங்க. அந்த வெள்ளி ரூபா 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. இப்படிக் காதுல விழுந்ததெல்லாம் சேர்ந்து, பத்தாவது படிக்கறப்பவே நான் காசு சேர்க்க ஆரம்பிச்சிட்டேன். தோட்டத்து வேலை போக மிச்ச நேரத்துல அதுதான் பொழுதுபோக்கு. கைக்காசு இருந்தா வாங்குவேன், முடை வந்தா விப்பேன்.

ஒரு பதினஞ்சு வருசம் இருக்கும். பக்கத்து ஊர்ல ஒரு வாத்தியார் இறந்துட்டார். அவரும் காசு சேர்த்தவர். கருமாதி முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு அவங்க சம்சாரம் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டாங்க. நான் அவங்களை அக்கான்னுதான் கூப்பிடுவேன். ஒரு தகர டப்பாவைக் கொண்டாந்து பாயில கொட்டினாங்க. "எனக்கு இதெல்லாம் ஒன்னும் தெரியாது தம்பி. எவ்வளவு தேறும்னு பாத்துச் சொல்லு"ன்னாங்க.

இருபத்தி நாலு வெள்ளி ரூபா. விக்டோரியா ராணி, எட்வர்டு ராசா, ஜார்ஜ் ராசான்னு இருந்துச்சு. அதுல ஒன்னே ஒன்னை மட்டும் வாத்தியார் தனியா ஒரு காயிதத்துல மடிச்சு, மேல நீல மையில "1911"ன்னு எழுதி வச்சிருந்தார்.

பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்குப் பேரு பன்னி ரூபா. அஞ்சாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தப்ப அடிச்ச முதல் ரூபா அது. ராசா போட்டிருக்கற அங்கியில ஒரு யானை உருவம் இருக்கும். தும்பிக்கை குட்டையா இருக்கவே அது பன்னி மாதிரி தெரிஞ்சிருக்கு. சனங்ககிட்ட எதிர்ப்பு கிளம்பி, வெளியே போகாத காசையெல்லாம் உருக்கிட்டு, 1912ல யானையைத் திருத்தி அடிச்சாங்க. அதனால 1911 ரூபாய்க்கு வெள்ளி விலைக்கு மேல மதிப்பு உண்டு.

நான் என்ன செஞ்சேன்? அந்தக் காயிதத்தைச் சுருட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, காசை மத்ததோட கலந்துட்டேன். "வெள்ளி எடைக்குத் தர்றேனுங்க அக்கா. காசுக்கு முன்னூறு ரூபா"ன்னேன். அன்னைக்கு வெள்ளி விலைக்கு அது சரியான கணக்குத்தான். ஏழாயிரத்து இருநூறு எண்ணிக் கொடுத்தேன். அந்தக்கா காபி போட்டுக் கொடுத்தாங்க. குடிச்சிட்டு வந்துட்டேன். காயிதத்தை வர்ற வழியில வாய்க்கால்ல விட்டெறிஞ்சேன். அடுத்த மாசமே கோயமுத்தூர்ல ஒரு வியாபாரிகிட்ட அந்த ஒத்தை ரூபாயை மூவாயிரத்து ஐநூறுக்குக் கொடுத்துட்டேன்.

அந்த வருசமே எனக்கும் ஒன்னு நடந்துச்சு. வழக்கமா வர்ற வியாபாரி தோட்டத்துக்கே வந்து தேங்காப் பருப்பு எடுத்துட்டுப் போனார். முந்தின நாள் விலைதான் போட்டார். அன்னைக்குக் காலையிலயே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல விலை ஏறிப் போனது எனக்குச் சாயந்தரம்தான் தெரிஞ்சுது. போய்ச் சத்தம் போட்டேன். அவர் நிதானமா, "நான் பொய் எதும் சொல்லலியே. நீங்க கேக்கலை, நான் சொல்லலை"ன்னார்.

வீட்டுக்கு வந்து அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன். எங்க வீட்டுக்காரி முறத்துல அரிசி பொடைச்சிட்டே, தலையைத் தூக்காம, "வாத்தியாரம்மாகிட்ட நீங்க மட்டும் சொல்லிட்டா வாங்குனீங்க?"ன்னா.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள கை போட்டு விலை பேசறோம். ரெண்டு பேருக்கும் மாட்டைப் பத்தித் தெரியும். பல்லைப் பாக்கறோம், சுழி பாக்கறோம், ரெண்டு சுத்து நடத்திப் பாக்கறோம். அதுல ஏமாந்தா அவனவன் சாமர்த்தியம். ஆனா செத்துப் போனவர் சேர்த்ததை விக்கறவங்களுக்கு அந்தப் பொருளைப் பத்தி ஒன்னும் தெரியாது. தெரிஞ்சவர் போய்ச் சேர்ந்துட்டார். எதிர்ல உக்காந்திருக்கற எனக்கு மட்டும்தான் தெரியும். அங்க நான் வாயை மூடிக்கறதும் பொய்தானுங்க.

அந்தக்கா அதுக்குள்ள திருப்பூர்ல மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க. எடை விலை முன்னூறைக் கழிச்சு மூவாயிரத்து இருநூறை எடுத்துக்கிட்டுப் போனேன். நடந்ததைச் சொன்னேன். மகன் பணத்தை வாங்கி எண்ணிட்டு, "இது ஒன்னுதானா? இன்னும் எத்தனை இருந்துச்சோ"ன்னார். சுருக்குன்னுச்சு. ஆனா அவரைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் ஏது?

அந்தக்கா பணத்தைப் பாக்கவே இல்லை. "அது ஒசத்தியான காசுன்னு அவருக்குத் தெரியுமா தம்பி?"ன்னாங்க.

"தெரியுமுங்க அக்கா. தனியா மடிச்சு, வருசத்தைக் கைப்பட எழுதி வச்சிருந்தார்."

"அந்தக் காயிதம் இருக்கா?"

இல்லைங்க. வாய்க்கால்ல போனதை எங்கே போய்த் தேடறது? காசுக்குக் காசு கொடுத்துடலாம். அந்தக் கையெழுத்துக்கு நான் என்ன கொடுக்கறது?

அதுக்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் சில வழக்கம் வச்சிருக்கேன். முதல் நாள் வாங்க மாட்டேன். வேட்டியை விரிச்சு, காசை வருச வாரியா அடுக்கி, அவங்களையே பட்டியல் எழுதச் சொல்லுவேன். விவரத்தை விலைக்கு முன்னாடியே சொல்லிடுவேன்: 1939 வரைக்கும் வந்த ரூபாயில நூத்துக்குத் தொண்ணூத்தி ஒன்னே முக்கால் பங்கு வெள்ளி. 1940ல இருந்து 1945 வரைக்கும் வந்ததுல பாதிதான் வெள்ளி. 1947 ரூபா நிக்கல், காந்தம் வச்சா ஒட்டும். 1939 ரூபா ரொம்ப அபூர்வம், அதனாலயே போலியும் ஜாஸ்தி. அதைக் கண்டா நான் விலையே பேசறதில்லை, நல்லா விவரம் தெரிஞ்சவங்ககிட்டக் காட்டச் சொல்லிடுவேன். மத்ததுல இதை நான் வெளியே இவ்வளவுக்கு விப்பேன், எனக்கு இவ்வளவு நிக்கும்னு சொல்லிட்டு, இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுக்குங்கன்னு கிளம்பிடுவேன். கட்டிக் கொடுத்த பொண்ணுங்களுக்கும் தெரியுமான்னு கேப்பேன். பல வீட்டுல அந்தக் கேள்வி பிடிக்கறதில்லை. ஆனா அவங்களுக்கும் அதுல பங்கு இருக்கே.

நேர்மைன்னா விலையைக் கூட்டிச் சொல்றது மட்டும் இல்லைங்க. ஒன்னுமில்லாததை ஒன்னுமில்லைன்னு சொல்றதும்தான். வைஷ்ணவி தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய்க்கு லட்சக்கணக்குல தர்றாங்கன்னு போன்ல செய்தி வரும். அதை நம்பிக் கமிஷன் கட்டி ஏமாந்தவங்க இருக்காங்க. ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டுல, எங்க பேரைச் சொல்லிப் பழைய காசு வாங்கறதா யாராவது பணம் கேட்டா நம்பாதீங்கன்னு அறிக்கை விட்டாங்க. ஒரு வீட்டுல ராமர் பட்டாபிசேகம் போட்ட 1818 கம்பெனிக் காசைப் பூசை ரூம்ல வச்சுக் கும்பிட்டுட்டு இருந்தாங்க. கம்பெனி அப்படிக் காசே அடிக்கலை. அந்தப் பெரியவர்கிட்ட, "சாமின்னு கும்பிடுங்க, விக்கறதுக்குன்னு நினைக்காதீங்க"ன்னேன். அவர் முகம் வாடித்தான் போச்சு. பொய் சொல்லி அவரை இன்னும் பத்து வருசம் காத்திருக்க வைக்கறதுக்கு இது மேல்.

உழவுல கிடைச்சதுன்னு யாராவது கொண்டாந்தா தொடவே மாட்டேன். மண்ணுல புதைஞ்சு கிடைச்ச பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்கணும்னு 1878லயே சட்டம் இருக்கு. அவங்களைத் தாசில்தார் ஆபீசுக்கு அனுப்பிடுவேன்.

இதையெல்லாம் சொல்லிட்டு அந்தச் சென்னைத் தம்பிகிட்ட மூணு விசயம் சொன்னேன். காசைப் புளி போட்டோ சாம்பல் போட்டோ விளக்கிடாதீங்க. பளபளன்னு தேய்ச்ச காசுக்கு மதிப்பு போயிடும். ரெண்டாவது, யார்கிட்டக் காட்டறதுக்கு முன்னாடியும் ஒரு பட்டியல் எழுதி, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுக்குங்க. நான் வந்தாலும் சரி, பட்டியல் உங்க கையில இருக்கட்டும்.

மூணாவது, டப்பாவுல துண்டுக் காயிதம் ஏதாவது கிடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. உங்க தாத்தா என்னமோ எழுதி வச்சிருப்பார்.