ஒரு மரத்தின் பெயர்

சில வருஷங்களுக்கு முன் நெரூடாவின் கவிதை ஒன்றை ஆங்கில வழியாகத் தமிழில் செய்தேன். அதில் அரௌகாரியா என்ற மரம் வந்தது. 'ஊசியிலை மரம்' என்று போட்டுவிட்டு மேலே போனேன். அடியின் ஓசை கெடவில்லை. யாரும் கேட்கவுமில்லை. இப்போது அந்த வார்த்தை உறுத்துகிறது.

முதலில், அந்த இலை ஊசியே அல்ல. தடித்த, முக்கோண வடிவான, நுனி கூரிய தகடு. இது தாவரவியல் பிழை. இதைப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்ததைப் பொறுக்க முடியவில்லை.

சிலி, அர்ஜென்டினா நாடுகளின் ஆண்டிஸ் சரிவுகளில் 40 மீட்டர் வரையிலும் அதற்கு மேலும் வளர்ந்து, 1000 வருஷம் தாண்டியும் பசுமை மாறாமல் நிற்கும் மரம் இது. மபூச்சே மொழியில் பெயர் பெவேன். 'சே' என்றால் மக்கள். அம்மலைகளில் வாழும் மபூச்சேக்கள் தங்களைப் பெவென்சே என்கிறார்கள்: பெவேனின் மக்கள். பெண் மரத்தின் காய் முற்ற இரண்டு வருஷம் போல ஆகிறது. இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு மேலே ஏறி, உதிர்ந்த விதைகளைப் பொறுக்குகிறார்கள். அவித்தும், வறுத்தும், மாவாக்கியும், புளிக்கவைத்துப் பானமாக்கியும் பனிக்காலத்தைக் கடத்துகிறார்கள். அவர்கள் பிரார்த்தனையில் நிற்பதும் இம்மரம்தான். சோறும் சாமியும் ஒன்றே.

பார்க்க வந்தவர்கள் வைத்த பெயர்கள் வேறு. அரௌகாரியா என்பது ஸ்பானியர் அந்நிலத்துக்கு வழங்கிய பெயரிலிருந்து வந்தது. ஆங்கிலப் பெயர் அதைவிட வேடிக்கை. 19ஆம் நூற்றாண்டில் கார்ன்வாலில் ஒரு தோட்டத்தில் வளர்ந்த கன்றைப் பார்த்த ஒருவர், இதில் ஏறுவது குரங்குக்கும் புதிர்தான் என்றாராம். மரம் 'குரங்குப் புதிர்' ஆகிவிட்டது. பெவேன் காடுகளில் குரங்கே கிடையாது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1976இல் சிலி இம்மரத்தை இயற்கைச் சின்னமாக அறிவித்து வெட்டுவதைத் தடுத்தது. 1987இல் தடை தளர்ந்தது. 1990இல் மீண்டும் வந்தது. இதற்கிடையில் கின்கேன் பள்ளத்தாக்கின் பெவென்சே குடும்பங்கள், காட்டை மரக்கட்டையாகக் கணக்கிட்டவர்களிடம் தங்கள் நிலத்தையே இழக்க இருந்தார்கள். 1992இல் அரசு நிலத்தை விலைக்கு வாங்கிய பிறகே வெளியேற்றம் நின்றது. ஒரு தரப்புக்கு அது நீளமான, நேரான கட்டை. மறு தரப்புக்குத் தங்கள் பெயரின் முதல் பாதி. 'ஊசியிலை மரம்' என்று எழுதியபோது நான் எந்தத் தரப்பில் நின்றேன்? தெரியாமல்தான் நின்றேன். ஆனால் நின்றேன்.

எலிக்குரா சிவைலாஃப் என்ற மபூச்சே கவிஞர் நெரூடாவைத் தன் மொழிக்குக் கொண்டுபோயிருக்கிறார். 2020இல் சிலியின் தேசிய இலக்கியப் பரிசு பெற்றவர். இந்த மரத்துக்கு அவர் அடிக்குறிப்பு தேடியிருக்க மாட்டார். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

கையெழுத்துப் பிரதியை எடுத்துத் திருத்தினேன். இப்போது 'பெவேன்' என்றிருக்கிறது. கீழே இரண்டு வரி அடிக்குறிப்பு. அந்த இடத்தில் ஓசை தட்டுகிறது. தட்டட்டும்.